உயராத கைப்பிடி

எங்கள் ஒழுங்கைக்குள் மீன்காரரின் ஹோர்ன் கேட்டால் நாலைந்து கேற்றுகள் ஒரே நேரத்தில் திறக்கும். மீன் வாங்குவது பாதி, கதைப்பது பாதி. போன கிழமை கொழும்புத்துறை நண்டு பெட்டிக்குள் உயிரோடு ஊர்ந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரி நண்டைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். லண்டனில் இருக்கும் அவருடைய மகன் தாயையும் தகப்பனையும் வரச்சொல்லியிருக்கிறான். விமானத்தில் சாதாரண கதிரை போடவா, அதைவிடக் கொஞ்சம் அகலமான பிறீமியம் எக்கனமி போடவா என்று கேட்டிருக்கிறான். மனுசிக்குக் காலையிலிருந்து அதே யோசனை.

"நீங்கள் அதிலை போனனீங்கள்தானே. அது பெறுமதியோ?" என்று கேட்டார்.

கொக்குவிலில் இப்போது இது சாதாரணமான கேள்வி. முந்தி வெளிநாடு போனவர்களைப் பற்றி, போய்ச் சேர்ந்தார்களா என்று மட்டும்தான் கேட்போம். இன்றைக்குக் கால் நீட்ட இடம் இருந்ததா, தேத்தண்ணி சூடாக இருந்ததா என்று கேட்கிறோம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. இப்படிக் கேட்கிற காலம் வந்ததே பெரிய விஷயம்.

ஆரோடு போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். தானும் அவரும்தான் என்றார். அப்படியென்றால் யோசிக்காமல் எடுங்கள் என்று சொல்லிவிட்டு, நண்டை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். அந்தப் பதில் அவருக்குக் காணவில்லை, இன்னும் வேண்டும் என்று முகத்தில் தெரிந்தது. எனக்கும் காணவில்லை. நண்டைக் கழுவி முடிக்கும்வரை மிச்சப் பதிலை எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் மகளுக்கு எழுத்து முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் அவள் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். எழுத்து என்றால் இங்கே கலியாணப் பதிவு. மாப்பிள்ளை ரொறன்ரோவிலிருந்து வந்து கையெழுத்து வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அவருடைய தாய் தகப்பனுக்கு இவ்வளவு தூரம் வர உடம்பு இடங்கொடுக்காது என்பதால் தாலிகட்டு அங்கேதான் என்று பேசி முடித்திருந்தோம். மகளுக்கு விசா வரவேண்டும், அதுவரை காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தை இப்போது நினைத்தால், முழுவதும் ஒரே நீண்ட பின்னேரமாகத்தான் தெரிகிறது. கொடுத்துவிட்ட பிள்ளை, ஆனால் இன்னும் வீட்டில் இருக்கிற பிள்ளை. முழுகிவிட்டு விறாந்தையில் இருந்து தலை காயவிடுவாள். ரயில் போகும் சத்தம் கேட்டால் கதையை நிறுத்துவாள், அது போனபிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். விசா வரவேண்டும் என்று கோயிலுக்கு நேர்த்தி வைத்தவள் நான். இன்றைக்கும் ஒன்றும் வரவில்லை என்று அவள் போனைப் பார்த்துச் சொல்லும்போது உள்ளுக்குள் குளிர்ந்தவளும் நான்தான்.

ஒருநாள் வந்தே விட்டது. வந்ததும் வீடு சந்தைக்கடையாகிவிட்டது. பார்க்க வருகிறவர்கள், பார்க்க வந்தவர்களோடு சேர்ந்து வருகிறவர்கள், கனடாவில் கிடைக்காது என்று தாங்களாகவே நினைத்துக்கொண்டு மிளகாய்த்தூளும் பனங்கிழங்கு ஒடியல் மாவும் பனம்பழப் பினாட்டும் பொதி செய்து கொண்டுவருகிறவர்கள். பெட்டியை நிறுப்பதும் பிரிப்பதும் திரும்பக் கட்டுவதுமாகப் பொழுது போனது. மிஞ்சிய நேரத்தில் மகள் தன் மாப்பிள்ளையோடு போனில் இருப்பாள். அதில் பிழை சொல்ல முடியுமா? நான்தானே பார்த்துப் பேசிச் செய்து வைத்தேன். ஆனால் ஒரே வீட்டுக்குள் அவளோடு பத்து நிமிடம் தனியே இருக்க வழியில்லாமல் நான் தவித்துப் போனேன்.

தாலிகட்டுக்கு நானும் கணவரும் அவளோடு போவதாக இருந்தது, ஆனால் ரொறன்ரோவில் இறங்கினால் அதுவும் இல்லை. அங்கே மாப்பிள்ளை வீடு, மண்டபம், பூ, மேளம், முறைக்காரர்கள். எப்படிப் பார்த்தாலும் எனக்கென்று மிஞ்சியது ஆகாயத்தில் இருக்கும் நேரம் மட்டும்தான். நடுவழியில் விமானம் மாறியபிறகு பதின்மூன்று, பதினாலு மணித்தியாலம் ஒரே பறப்பு என்று ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் மகன் போனில் சொன்னபோது எல்லாரும் ஐயோ என்றார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது. அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது நான் பண்டத்தரிப்பில் படிப்பித்தேன். அவளும் என்னுடைய பள்ளிக்கூடத்துக்கே வந்தாள். பின்னேரம் பஸ்ஸில் ஏறியதும் என் மடியில் தலையை வைத்துவிடுவாள். சேலை முழுக்க எச்சிலாகும். அதேபோல ஒரு முறை, கடைசியாக ஒரே ஒரு முறை, அவள் தலை என் மடியில் கிடக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். இந்த வயதில் இதை யாரிடம் சொல்வது? நான் யாருக்கும் சொல்லவில்லை.

என் கணவர் வேலை செய்த காலம் முழுவதும் காப்புறுதி முகவர். மோட்டார் சைக்கிளில் ஒரு நாள் பண்டத்தரிப்புப் பக்கம், ஒரு நாள் கொழும்புத்துறைப் பக்கம் என்று வீடு வீடாகப் போய், பிறீமியத்தை ஒழுங்காகக் கட்டுங்கள் என்று சொல்லித் திரிந்த மனுசன். தோட்டக்காரரிடமும் சொன்னார், கடலுக்குப் போகிறவர்களிடமும் சொன்னார், என்னைப் பெண்பார்க்க வந்தபோது என் தகப்பனிடமும் சொன்னார். அவரைப் பொறுத்தவரை அந்தச் சொல்லுக்கு வேறு கருத்தே கிடையாது. மகன் போன் எடுத்து, மூன்று பேருக்கும் பிறீமியம் போடட்டுமா என்று கேட்டபோது இவர் கையில் இருந்த பேப்பரைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"எனக்கும் கொம்மாவுக்கும் போடு. வயசுபோன ஆக்கள், வழியிலை என்னவும் நடக்கலாம். தங்கச்சிக்கு என்னத்துக்கு? அவள் இளம்பிள்ளை."

மகன் சரியப்பா என்றான். இவர் நினைத்தது பயணக் காப்புறுதி. மகன் நினைத்தது அகலமான கதிரை. நான் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் காப்புறுதி என்றே பட்டது. இவரோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தினால் யாருக்கும் அப்படித்தான் படும்.

கொக்குவிலிலிருந்து விமான நிலையத்துக்கு வெளிக்கிட்ட வாகனத்தில் மகள் வவுனியா வரைக்கும் அழுதாள். முதல் விமானத்தில் எல்லாம் ஒரே மாதிரிக் கதிரை, மூன்று பேரும் ஒன்றாகத்தான் இருந்தோம். ஆனால் ஏறியதும் அவள் களைத்து நித்திரையாகிவிட்டாள், யன்னல் பக்கம் சாய்ந்தபடி. நான் எழுப்பவில்லை. நீண்ட பறப்பு இனித்தானே வரப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது விமானத்தின் வாசலில் பணிப்பெண் எங்கள் சீட்டுகளை வாங்கிப் பார்த்தாள். என்னையும் இவரையும் முன்பக்கத்துக்குக் கைகாட்டினாள், மகளை நேரே பின்னுக்குப் போகச் சொன்னாள். பிழையாகப் பார்த்துவிட்டாள் என்று நினைத்து நான் சீட்டுகளைத் திரும்பவும் நீட்டினேன். அவள் சிரித்தபடி அதையே சொன்னாள். பின்னால் ஆட்கள் பெட்டிகளோடு நெருக்கிக்கொண்டு நின்றார்கள். இவர் சீட்டைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, தூரப் பிடித்துப் பார்த்தார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"அவன் காப்புறுதி போடேல்லையப்பா. கதிரை போட்டிருக்கிறான்."

மகளுக்கும் முன்னுக்கு இடம் கிடைக்குமா என்று கேட்டோம். முன்பகுதி நிறைந்துவிட்டது என்றாள் பணிப்பெண். மகளோ சிரித்தாள். அண்ணை ஆசையாய் எடுத்துத் தந்தது, போய் வசதியாய் இருங்கோ என்று சொல்லிவிட்டுத் தோள்பையோடு நடந்துபோனாள். அவளுக்குப் பின்னால் ஒரு நீலத் திரை விழுந்தது.

பொய் சொல்லக்கூடாது, அது நல்ல கதிரை. காலுக்குக் கீழே ஒரு தாங்கு, தலைக்கு இரண்டு பக்கமும் மடிகிற காது, வீட்டுத் தலையணை அளவில் ஒரு தலையணை. சாப்பாடு பீங்கான் கோப்பையில் வந்தது, துணித் துவாயோடு. இவருக்கு ஒரு முழங்கால் கனகாலமாக மடங்காது. மோட்டார் சைக்கிளோடு விழுந்ததன் மிச்சம் அது. அந்தக் காலை அவர் மெல்ல நீட்டினார், இன்னும் நீட்டினார், முன் கதிரை இடிக்கவில்லை. அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தபோது மகனை நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. முழங்கால்களுக்கு மட்டும் ஒரு குடும்பத்தில் வாக்குரிமை இருந்தால் எல்லாரும் இந்தக் கதிரைக்கே போடுவார்கள்.

எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த கைப்பிடிதான் எனக்குப் பிடிக்கவில்லை. அகலமான கைப்பிடி. அதற்குள்ளே மேசை, பக்கத்திலே தண்ணீர்ப் போத்தல் வைக்க ஒரு குழி. பஸ்ஸிலும் ரயிலிலும் சாய்ந்து பழகிய உடம்பு, தெரியாமல் அதை மேலே தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை. கட்டிடம்போல நின்றது. அந்தப் பக்கம் இவர் ஒரு ஊர், இந்தப் பக்கம் நான் ஒரு ஊர்.

சாப்பாட்டுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனபிறகு யன்னல்களை இறக்கச் சொன்னார்கள். வெளியே நல்ல வெயில், நாங்கள் காலையில்தான் ஏறியிருந்தோம். விமானம் மேற்கே போகப் போகச் சூரியனும் கூடவே வந்துகொண்டிருந்தது. ஆனாலும் விளக்கை அணைத்து, ஊதா நிறத்தில் ஒரு பொய்யான இருட்டை உண்டாக்கினார்கள். பெரியவர்களெல்லாரும் அந்தப் பொய்யை நம்பிக் கண்ணை மூடினார்கள். ஒரே சீரான இரைச்சல், கிணற்றுக்கு மோட்டார் போட்டுவிட்டு மறந்துபோன மத்தியான வேளை மாதிரி. இவர் குறட்டை விடத் தொடங்கினார். என் முன்னால் இருந்த திரையில் ஒரு சின்ன விமானம் நீலப் படத்தின் மேல் அசையாமல் அசைந்துகொண்டிருந்தது. எனக்கான நேரம் அந்தப் படத்திலேயே கரைந்துபோவதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம் இருப்பது? எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு திரையை விலக்கினேன்.

பின்னால் அது வேறு உலகம். குழந்தைகள் அழுதன, யாரோ எழுந்து நின்று முதுகை முறித்தார்கள், நடைபாதையில் ஒரு ஒற்றைச் சப்பாத்து கிடந்தது. மகள் யன்னலோரம் இருந்தாள். நடைபாதைக் கரையில் ஒரு பெடியன் கண்ணை மூடிக் கட்டிக்கொண்டு நித்திரை. நடுவில் ஒரு வாட்டசாட்டமான மனிதர், எந்த நாட்டவரோ தெரியாது. அவருடைய இரண்டு முழங்கால்களும் முன் கதிரையை முட்டிக்கொண்டு நின்றன. அவரைக் கண்டதும் எனக்கு வழி தெரிந்துவிட்டது.

எனக்குத் தெரிந்த இங்கிலீசைக் கூட்டிக் கட்டி, எனக்கு முன்னுக்கு ஒரு நல்ல கதிரை இருக்கிறது, நீங்கள் அங்கே போய் இருங்கள், நான் என் பிள்ளையோடு இருக்கிறேன் என்றேன். மனுசன் நம்பவில்லை. இதில் என்ன சுத்துமாத்து இருக்கிறது என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். பணிப்பெண்ணைக் கூப்பிட்டேன். அவளும் நம்பவில்லை. முன்னுக்கு வரத்தான் ஆட்கள் கேட்பார்களாம், பின்னுக்குப் போகக் கேட்ட ஆளை அவள் கண்டதில்லையாம். என் முகத்தையும் மகளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சரியென்று தலையாட்டினாள். அந்த மனிதர் எழுந்த வேகத்தில் தலை மேலே இடித்துக்கொண்டது. வாயெல்லாம் பல்லாகப் போனார்.

மகளுக்கு என்மேல் கோபம். "அண்ணை எவ்வளவு ஆசையாய் எடுத்தது, உங்களுக்கு என்ன விசரே அம்மா? போங்கோ முன்னுக்கு" என்று குரலைத் தாழ்த்திப் பேசினாள். நான் போய் நடுக் கதிரையில் இருந்துவிட்டேன். உண்மையாகவே ஒடுக்கம்தான். இடுப்பு இரண்டு பக்கமும் பிடித்தது. எங்களுக்கு நடுவே இருந்த கைப்பிடியைத் தூக்கினேன், அது ஒரு சத்தமும் இல்லாமல் மேலே போய்விட்டது.

"படு," என்றேன்.

"இடம் காணாது அம்மா."

"காணும்."

பிறகு சப்பாத்தைக் கழற்றி, காலை மடக்கி யன்னல் பக்கம் வைத்து, தலையை என் மடியில் போட்டாள். தலை பாரமாக இருந்தது. வளர்ந்த பிள்ளையின் தலை எவ்வளவு பாரம் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. விமானக் கம்பளியை இழுத்து அவள் தோளை மூடினேன். தலைமயிருக்குள் விரலை விட்டேன். கொக்குவிலில் வைத்த நல்லெண்ணெய் வாசம் இன்னும் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியாது, ஏனென்றால் ஒன்றும் நடக்கவில்லை. இரைச்சல் மட்டும் இருந்தது. இடையில் ஒருமுறை கையை மட்டும் எட்டி யன்னல் தட்டியைக் கொஞ்சம் உயர்த்தினேன். கீழே கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே வெள்ளை. ஆனையிறவு உப்பளத்தை யாரோ உலகம் முழுக்க விரித்துவிட்டார்கள் என்று தோன்றியது. பிறகுதான் அது பனி என்று விளங்கியது. மனிதர் இல்லாத, வீதி இல்லாத, மரம் இல்லாத வெளியின் மேல் என் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நான் போய்க்கொண்டிருந்தேன். நேரம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். சூரியன் மறையவே இல்லை. இப்படியே போய்க்கொண்டிருந்தால் தாலிகட்டும் வராது, பிரிவும் வராது என்று ஒரு பைத்தியக்கார யோசனை வந்தது. அதை விரட்ட எனக்கு மனம் வரவில்லை. கால் முதலில் நொந்தது, பிறகு விறைத்தது, பிறகு எனக்குக் கால் இருக்கிறதா என்பதே தெரியாமல் போய்விட்டது. நான் அசையவில்லை.

அவளும் அசையவில்லை. என் மகள் நித்திரை கொண்டால் பல்லை நறநறவென்று நெறுமுவாள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். முதல் விமானத்தில்கூட இரைச்சலையும் மீறிக் கேட்டது. என் மடியில் அந்தச் சத்தம் வரவில்லை. ஒருமுறைகூட வரவில்லை. நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை, விரல்களை மட்டும் நிறுத்தாமல் வைத்திருந்தேன். வாய் திறந்தால் இருவரும் அழுதுவிடுவோம், அழுதால் எழும்பி இருக்க வேண்டிவரும்.

விளக்குகளை மெல்ல மெல்ல ஏற்றினார்கள், பொய் விடியல். கதிரைகளை நிமிர்த்தச் சொல்லி அறிவித்தார்கள். அவள் எழும்பவில்லை. என் சேலையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அம்மா, நான் நித்திரை கொள்ளேல்லை."

"எனக்குத் தெரியும்."

அப்போதுதான் எழும்பினாள். கைப்பிடியை நானே இறக்கிவிட்டேன்.

இறங்கும்போது எனக்கு நடக்க முடியவில்லை. ஒரு பக்கம் மகள் பிடித்தாள், மறுபக்கம் இவர். இவர் புதுமாப்பிள்ளை மாதிரி நல்ல தெளிவாக வந்தார். பக்கத்துக் கதிரைக்கு நான் அனுப்பிவைத்த மனிதர் இவர் கண் விழித்தபோது நல்ல நித்திரையாம், காப்புறுதியைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்க விடவில்லையாம். வெளியே பூங்கொத்தோடு நின்ற மகன் தகப்பனைக் கட்டிப்பிடித்து, கதிரை எப்படி இருந்தது என்றுதான் முதலில் கேட்டான். அப்பா ஒருநாளும் தனக்கென்று ஒன்றும் கேட்டதில்லை, முதல்முறையாகக் கேட்டதும் தனக்குச் சரியான சந்தோசம் என்றான். இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ராசா மாதிரி வந்தனான் என்றார். இன்றுவரைக்கும் அவனுக்கு உண்மை தெரியாது. தெரியவும் வேண்டாம்.

தாலிகட்டு நன்றாக நடந்தது. சில கிழமைகள் நின்றோம். மகள் தன் வீட்டுச் சமையலறையில் எந்த லாச்சிக்குள் என்ன இருக்கிறது என்று பழகிக்கொண்டாள். நான் கரண்டி தேடினால் அவள் எடுத்துத் தந்தாள். மாப்பிள்ளை நல்ல பிள்ளை, நான் பயந்ததுபோல ஒன்றும் இல்லை. திரும்பி வெளிக்கிடும் நாள் விமான நிலையத்தில் அவள் அழவில்லை. என் கையில் காலுறையும் மாத்திரைகளும் தந்து, முன்னுக்கு நல்ல கதிரைதானே, இந்த முறையாவது வடிவாய் நித்திரை கொள்ளுங்கோ என்றாள். விருந்தாளியை வழியனுப்புகிற வீட்டுக்காரியின் குரல் அது. நானும் அழவில்லை. அழுகையை விமானத்துக்கென்று வைத்திருந்தேன். போகும்போது அவளுக்காக விழித்திருந்ததுபோல, வரும்போதும் முழுத் தூரமும் விழித்திருந்து அவளை நினைக்கப் போகிறேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஏறி அந்தக் கதிரையில் இருந்தேன். இவர் எனக்குக் கால் தாங்கை உயர்த்தக் காட்டித் தந்தார். கம்பளியை இழுத்துவிட்டேன். தலையணை மெத்தென்று இருந்தது. விமானம் கிளம்பியது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் ஞாபகம் இல்லை.

பணிப்பெண் சூடான ஈரத்துணியை நீட்டியபோதுதான் கண் விழித்தேன். யன்னலுக்குக் கீழே பாலைவனம் மஞ்சளாகத் தெரிந்தது. கால் நோவில்லை, கழுத்து நோவில்லை, உடம்பு பஞ்சாக இருந்தது. இவர் கைப்பிடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, நான் ஒருக்கால்கூடப் புரளவில்லை, சாப்பாட்டுக்குக்கூட எழும்பவில்லை என்று பெருமையாகச் சொன்னார். பிறகு என் முகத்தைக் கண்டுவிட்டு, ஏன் அழுறீர் என்று கேட்டார்.

"பிள்ளையை விட்டிட்டு வந்தும் எனக்கு நித்திரை வந்திட்டுது," என்றேன்.